பிராக்கா, புடாபெஸ்டா? மலிவான இரண்டு ஊர்களின் கதை

நம் ஊரில் பிரான்சில் பிள்ளையோ பேரனோ இல்லாத குடும்பம் குறைவு. அந்தப் பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறை வந்தால் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். பாரிஸ், ஜெனிவா, லண்டன் எல்லாம் காசைக் கரைக்கிற ஊர்கள். அதனால் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது இரண்டு பெயர்கள்: பிராக், புடாபெஸ்ட். இரண்டில் எது செலவு குறைவு, எது பார்க்கத் தகுந்தது என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் வயதுக்காரர்களும் இப்போது இந்த வழக்கில் சேர்ந்துகொள்கிறார்கள்.

2014 மே மாதம் பாரிஸில் தங்கியிருந்தபோது, என் அக்கா மகனோடு இந்த இரண்டு ஊர்களுக்கும் பத்து நாள் போய் வந்தேன். தங்கியது எட்டுப் பேர் படுக்கும் அறையில், அடுக்குக் கட்டிலில். குமாஸ்தா பழக்கம் விடுமா? ஒவ்வொரு செலவையும் ஒரு சின்ன நோட்டில் எழுதினேன். அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். ஒரு ஊர் ஏன் மலிவாக இருக்கிறது என்பதற்குக் கணக்கில் மட்டும் விடை கிடைக்காது. அந்த ஊரின் சரித்திரத்தில்தான் கிடைக்கும்.

முதலில் இந்த மலிவுப் பயணம் என்கிற வழக்கமே எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பழைய ஐரோப்பாவில் ஊர் ஊராக நடந்தவர்கள் யாத்திரிகர்களும் தொழிலாளிகளும்தான். பிரான்சில் ‘கொம்பஞோன்’ என்று ஒரு கூட்டம். தச்சர், கொல்லர், கல்தச்சர் பிள்ளைகள் தொழில் கற்றுக்கொள்ள நாடு முழுதும் ஒரு சுற்று நடந்து வருவார்கள். ‘தூர் தெ பிரான்ஸ்’ என்றால் இன்று சைக்கிள் பந்தயம். அதற்கு முன்பே அந்தப் பெயர் இந்த நடைக்கு இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் அவர்கள் தங்கிச் சாப்பிட ஒரு வீடு உண்டு. அந்த வீட்டை நடத்துகிற அம்மாளுக்கு ‘மேர்’, அதாவது தாய் என்றே பெயர். அப்படி நடந்த தச்சர்களில் அக்ரிகோல் பெர்திகியே என்பவர் பிறகு புத்தகம் எழுதினார். 1848-ல் பிரெஞ்சு தேசிய சபைக்கே உறுப்பினராகப் போனார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான விடுதி ஜெர்மனியில் பிறந்தது. ரிச்சர்டு ஷிர்மான் என்ற ஆசிரியர் 1909 ஆகஸ்டில் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனார். வழியில் இடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வைக்கோலைப் பரப்பி எல்லோரும் படுத்தார்கள். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்களை ஏன் தங்கும் இடமாக்கக் கூடாது என்று அன்று இரவு அவருக்குத் தோன்றியது. 1912-ல் அல்தெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதல் நிரந்தர விடுதி வந்தது. பிரான்சுக்கு அதை 1929-ல் கொண்டுவந்தவர் மார்க் சாஞ்ஞியே. 1936-ல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளிக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை கொடுத்தது. லெயோ லக்ராஞ்ஜ் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் சலுகை வாங்கிக் கொடுத்தார். அதுவரை கடலையே பார்க்காத தொழிலாளிக் குடும்பங்கள் கடலைப் பார்த்தன. ஆக, மலிவுப் பயணம் என்பது கஞ்சத்தனத்தில் பிறந்ததல்ல. உலகத்தைப் பார்க்கப் பணக்காரனுக்கு இருந்த உரிமை ஏழைக்கும் வேண்டும் என்று கேட்டதில் பிறந்தது.

இனி பிராக்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நமக்கு இந்த ஊரின் ராஜ வம்சம் கொஞ்சம் அறிமுகமானதுதான். 1346-ல் கிரெசி போர்க்களத்தில், கண் பார்வை போன பிறகும் பிரெஞ்சுப் படைக்காகக் குதிரை ஏறிப் போய் மடிந்த அரசர் ஒருவர் உண்டே, ‘கண்ணிழந்த ழான்’ என்று? அவர் பொஹீமியாவின் அரசர். அவருடைய மகன்தான் பிராக்கை உருவாக்கிய நான்காம் சார்லஸ். பிள்ளைப் பிராயத்தில் பாரிஸ் அரண்மனையில் வளர்ந்தவர். ஞானஸ்நானப் பெயர் வென்சஸ்லாஸ். சார்லஸ் என்ற பெயரே பாரிஸில் ஏற்றுக்கொண்டதுதான். ஊருக்குத் திரும்பியதும் பாரிஸில் பார்த்ததையெல்லாம் தன் ஊரில் செய்து பார்த்தார். 1344-ல் புனித வித்துஸ் பேராலயத்துக்கு அஸ்திவாரம் போட்டபோது, அராஸ் ஊரைச் சேர்ந்த மாத்தியே என்ற பிரெஞ்சுக்காரரை வரவழைத்தார்கள். 1348-ல் பல்கலைக்கழகம். 1357-ல் வில்தாவா ஆற்றின் மேல் கல்பாலம். அந்தப் பாலம் 516 மீட்டர் நீளம். 1841 வரை ஊருக்குள் ஆற்றைக் கடக்க அது ஒன்றுதான் பாலம். பேராலயத்தைக் கட்டி முடித்தது 1929-ல். கிட்டத்தட்ட 600 வருஷ வேலை. நம் பொதுப்பணித் துறையைக் குறை சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பிராக் பார்க்கச் செலவு குறைவு என்பதற்கு முதல் காரணம் இதுதான்: பழைய ஊர் அப்படியே நிற்கிறது, கால்நடையாகவே பார்த்துவிடலாம். 1410-ல் செய்த வானியல் கடிகாரம் இன்றும் மணிக்கு ஒருமுறை பொம்மைகளை ஆட்டுகிறது. தெருவில் நின்று பார்க்கக் காசு கிடையாது. பாலத்தில் நடக்கக் காசு கிடையாது. கோட்டையின் முற்றங்களில் சுற்றக் காசு கிடையாது.

அப்படியே நிற்கிறது என்றேன். எப்படி நின்றது? இரண்டாம் உலகப் போரில் வார்சாவும் டிரெஸ்டெனும் தூளானபோது பிராக் பெரும்பாலும் தப்பியது. 1945 பிப்ரவரி 14 அன்று, டிரெஸ்டெனுக்குப் போக வேண்டிய அமெரிக்க விமானங்கள் சில வழி தவறி பிராக் மேல் குண்டு போட்டன. சுமார் 700 பேர் இறந்தார்கள். அன்று இடிந்த ஒரு மனையில்தான் ‘ஆடும் வீடு’ என்று பயணிகள் படம் பிடிக்கிற கோணல் கட்டடம் இப்போது நிற்கிறது. மற்றபடி ஊர் பிழைத்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை வேறு. 1938-ல் மியூனிக்கில் பிரான்சும் இங்கிலாந்தும் செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்குத் தூக்கிக் கொடுத்தன. அடுத்த மார்ச்சில் பிராக் சண்டையில்லாமல் ஜெர்மானியர் கைக்குப் போனது. கூட்டாளி என்று பிரான்சை நம்பிய நாடு அது. பிரெஞ்சுச் சரித்திரப் புத்தகத்தில் சுருக்கமாகக் கடந்துபோகிற இடம் பிராக்கில் ஒரு காயம்.

அடுத்து புடாபெஸ்ட். எங்கள் சரித்திர முசே ‘புதாபெஸ்த்’ என்று உச்சரிப்பார். முதலில் அது ஒரே ஊரே அல்ல. தான்யூப் ஆற்றின் மேற்குக் கரையில் மலையும் கோட்டையுமாக புடா, பழைய புடா. கிழக்குக் கரையில் தட்டையான வியாபார ஊர் பெஸ்ட். மூன்றையும் 1873-ல் ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பு இரண்டு கரைகளுக்கும் நடுவே இருந்தது ஒரு மிதவைப் பாலம். குளிர்காலத்தில் ஆற்றில் பனிக்கட்டி வந்தால் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் சேசெனி என்ற பிரபு தகப்பனார் சாவுக்குப் போக முடியாமல் கரையிலேயே ஒரு வாரம் காத்திருந்தார். அந்த மனிதர்தான் பிறகு நிரந்தரப் பாலத்துக்காகப் பாடுபட்டார். 1849-ல் சங்கிலிப் பாலம் திறந்தது. அதில் ஒரு விசேஷம். ஹங்கேரியில் பிரபுக்கள் வரி கட்டும் வழக்கமே இல்லை. இந்தப் பாலத்தில் மட்டும் பிரபுவும் குடியானவனும் ஒரே சுங்கம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. சமத்துவம் அந்த நாட்டுக்குள் வந்த முதல் வழிகளில் ஒன்று இந்தப் பாலத்துச் சுங்கச்சாவடி.

1896-ல் மாஜியார் மக்கள் அந்த மண்ணுக்கு வந்து ஆயிரம் வருஷம் ஆனதாகப் பெரிய விழா. அதற்காகவே தரைக்குக் கீழே ஒரு ரயில் போட்டார்கள். ஐரோப்பியப் பெருநிலத்தில் முதல் மெட்ரோ அதுதான். பாரிஸ் மெட்ரோ 1900-ல்தான் வந்தது. அந்த மஞ்சள் நிற ரயில் இன்றும் ஓடுகிறது. படிகள் குறைவு, நிலையம் தெருவுக்குச் சற்றுக் கீழேதான். முழங்கால் வலிக்காரர்களுக்கு நல்ல வண்டி.

இந்த இரண்டு ஊர்களும் பாரிஸைப் பார்த்து ஏங்கிய ஊர்கள் என்று சொல்லலாம். புடாபெஸ்டில் ஆந்த்ராஷி சாலை, பாரிஸின் புல்வார்களை மனத்தில் வைத்துப் போட்டது. நியுகாதி ரயில் நிலையத்தை 1877-ல் கட்டியது எஃபெல் கம்பெனி. எஃபெல் கோபுரத்துக்கே பன்னிரண்டு வருஷம் மூத்தது அது. பிராக்கிலோ, 1889-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போய்வந்தவர்கள் எஃபெல் கோபுரத்தின் மேல் ஆசைப்பட்டு, 1891-ல் பெத்ரீன் குன்றின் மேல் அதைப் போலச் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டார்கள். 299 படி. நான் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கித்தான் ஏறினேன். பழைய யூதர் பேட்டையை இடித்து ஓர் அகலமான தெரு போட்டு, அதற்குப் பின்னால் ‘பாரிஸ் தெரு’ என்றே பெயரும் வைத்தார்கள்.

பாரிஸ் மேல் ஹங்கேரிக்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. அது கசப்பானது. முதல் உலகப் போரில் தோற்ற ஹங்கேரி, 1920 ஜூன் 4 அன்று வெர்சாய் தோட்டத்தின் த்ரியானோன் மாளிகையில் கையெழுத்துப் போட்டு நாட்டில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. அதே போரின் முடிவில்தான் செக்கோஸ்லோவாக்கியா பிறந்தது. ஒரே போர், ஒரே பாரிஸ். ஒரு ஊருக்குப் பிறந்த நாள், இன்னொரு ஊருக்குத் துக்க நாள்.

இரண்டாம் போரில் பிராக் தப்பியதைப் போல புடாபெஸ்ட் தப்பவில்லை. 1944 டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை முற்றுகை. பின்வாங்கிய ஜெர்மானியர் தான்யூப் பாலங்கள் அத்தனையையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். சங்கிலிப் பாலம் திரும்ப எழுந்தது 1949-ல், அதன் நூறாவது பிறந்தநாளில். போருக்குப் பிறகு வந்த பணவீக்கம் சரித்திரத்திலேயே மோசமானது. 1946 ஜூலையில் விலைவாசி ஒரு நாளுக்குள்ளேயே இரட்டித்தது. காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் பாதி. ஆகஸ்ட் 1 அன்று பெங்கோ என்ற பழைய பணத்தை ஒழித்து ஃபோரின்ட் கொண்டுவந்தார்கள். ஒரு ஃபோரின்டுக்கு எத்தனை பெங்கோ தெரியுமா? 4 போட்டு 29 சைபர் போட வேண்டும். எந்தக் கணக்கு அலுவலகப் பேரேட்டிலும் அந்தத் தொகைக்குக் கட்டம் போதாது. ஓர் ஊர் மலிவு என்று நாம் சந்தோஷப்படும்போது, அந்த ஊர்க்காரனின் பணம் எத்தனை முறை விழுந்து எழுந்தது என்பதும் அதற்குள் இருக்கிறது.

இனி என் நோட்டுக் கணக்கு. எல்லாம் 2014 மே மாத விலை. இப்போது ஏறியிருக்கும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிடத்தான் தருகிறேன்.

இரண்டு நாடுகளும் 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தவை. 2007 டிசம்பரில் ஷெங்கனில் சேர்ந்தவை. அதனால் பிரான்சுக்குப் போட்ட ஷெங்கன் விசாவே போதும். ஆனால் யூரோ இரண்டு ஊரிலும் கிடையாது. பிராக்கில் கொருனா. ஒரு யூரோவுக்கு அப்போது 27-க்கு மேல் கிடைத்தது. அதற்கும் ஒரு காரணம் உண்டு: 2013 நவம்பரில் செக் தேசிய வங்கி தன் பணத்தின் மதிப்பை வேண்டுமென்றே இறக்கி வைத்தது. புடாபெஸ்டில் ஒரு யூரோவுக்கு 300 ஃபோரின்டுக்கு மேல்.

போக்குவரத்தில் பிராக் மலிவு. 30 நிமிடத்துக்கான சீட்டு 24 கொருனா, 90 நிமிடத்துக்கு 32. அந்த நேரத்துக்குள் டிராம், பஸ், மெட்ரோ எதில் வேண்டுமானாலும் மாறி மாறிப் போகலாம். ஒரு நாள் முழுவதற்கும் 110 கொருனா, அதாவது 4 யூரோ. புடாபெஸ்டில் ஒரு சீட்டு 350 ஃபோரின்ட். மெட்ரோவிலிருந்து மெட்ரோவுக்கு மாறலாம். டிராமிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் வேறு சீட்டு. ஒரு நாள் சீட்டு 1,650 ஃபோரின்ட், ஐந்து யூரோவுக்கு மேலே. ஆனால் ஒரு விஷயம்: 65 வயது கடந்த ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்குப் புடாபெஸ்டில் நகரப் போக்குவரத்து இலவசம். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

படுக்கையும் சோறும் புடாபெஸ்டில் மலிவு. கட்டில் வாடகை, காலை ரொட்டி, மத்தியானச் சாப்பாடு மூன்றையும் கூட்டிப் பார்த்தால், பிராக்கில் மூன்று நாள் செலவுக்கு புடாபெஸ்டில் நான்கு நாள் தாராளமாக இருந்தோம். இரண்டு ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் வேலைக்காரர்களுக்காக ஒரு சூப்பும் ஒரு பதார்த்தமும் சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். பிரான்சில் ‘பிளா து ழூர்’ மாதிரி. வயிறு நிறைய மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ராத்திரிக்கு விடுதி அடுப்பில் ஏதாவது செய்துகொண்டால் செலவு பாதி. பிராக்கில் ஆவியில் வேகவைத்த மாவு உருண்டையை நறுக்கி, குழம்பில் தோய்த்துத் தருகிறார்கள். நாம் இட்லிக்காரர்கள், பழகிவிடும். புடாபெஸ்டில் லாங்கோஷ் என்று ஒன்று: நம் பூரியைத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி, மேலே தயிர் ஏடும் பாலாடைக்கட்டியும் பூண்டும். ஒன்று போதும். ஹங்கேரிக்காரர்கள் மிளகாய் தின்னத் தெரிந்தவர்கள். அமெரிக்காவில் விளைந்த மிளகாய் நமக்குப் போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அவர்களுக்குத் துருக்கியர் ஆண்ட காலத்தில் வந்தது.

துருக்கியர் என்றதும் குளியல். புடாவை 1541-லிருந்து 1686 வரை ஆண்டவர்கள் அவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர் கிடைத்தால் விடுவார்களா? 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய ருதாஷ் குளியல் மண்டபம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1913-ல் கட்டிய சேசெனி குளத்தில் உள்ளூர்க் கிழவர்கள் மார்பளவு வெந்நீரில் நின்றுகொண்டு சதுரங்கம் ஆடுகிறார்கள். குளியல் சீட்டு மலிவில்லை. ஆனால் நாள் முழுதும் இருக்கலாம். பத்து நாள் அலைந்த என் முழங்காலுக்கு அந்த ஒரு நாள்தான் மருந்து.

பணம் மாற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். பயணிகள் கூடும் தெருவில் ‘கமிஷன் இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் பலகைகளைப் பார்த்து மயங்கக் கூடாது. கமிஷனை விலையிலேயே ஒளித்திருப்பார்கள். கையில் எவ்வளவு தருவீர்கள் என்று முதலில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். செக் நாட்டில் 2019-லிருந்து ஒரு நல்ல சட்டம் வந்திருக்கிறது: 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

இதுவரை சொன்னது செலவுக் கணக்கு. நோட்டில் எழுத முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது.

புடாபெஸ்டில் இளைஞர்களின் மலிவு விடுதிகளும், ‘இடிபாட்டு மதுக்கடை’ என்று பெயர் பெற்ற இரவுக் கடைகளும் பெரும்பாலும் ஏழாம் வட்டாரத்தில் இருக்கின்றன. காரை உதிர்ந்த பழைய வீட்டு முற்றங்களில் ஆளுக்கொரு உடைந்த நாற்காலியைப் போட்டு, 2000-க்குப் பிறகு அந்தக் கடைகளை ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்கு அது புதுமை. ஆனால் அந்த வீடுகள் ஏன் அப்படிக் கேட்பாரற்றுக் கிடந்தன? அது பழைய யூதர் பேட்டை. 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியின் கிராமங்கள், சிற்றூர்களிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி அனுப்பினார்கள். பெரும்பாலோர் போன இடம் ஆஷ்விட்ஸ். தலைநகரில் இருந்தவர்களில் சுமார் 70,000 பேரை அந்தக் குளிர்காலம் இந்தச் சில தெருக்களுக்குள் அடைத்து மதில் எழுப்பினார்கள். 1945 ஜனவரியில் சோவியத் படை வந்தபோது பிணங்கள் தெருவில் கிடந்தன. ஐரோப்பாவிலேயே பெரிய யூத ஆலயமான தோஹானி தெரு ஆலயத்தின் தோட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தார்கள். பிறகு பொதுவுடைமை ஆட்சியில் அந்தப் பேட்டையைப் பழுதுபார்ப்பார் இல்லை. வீடு பாழானது, வாடகை இறங்கியது. இன்று நம் பேரன் பத்து யூரோவுக்குப் படுக்கிற கட்டிலின் விலைக்கு இதுவும் ஒரு காரணம்.

பிராக்கிலும் இதே கதைதான், வேறு உருவில். பின்காஸ் ஆலயத்தின் உட்சுவர்கள் முழுவதும் சிறிய எழுத்தில் பெயர்கள். பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த, கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 78,000 பேர். அலுவலகத்தில் ஆயுள் முழுதும் பெயர்ப் பட்டியல் எழுதியவன் நான். சம்பளப் பட்டியல், ஓய்வூதியப் பட்டியல், வாக்காளர் பட்டியல். அந்தச் சுவர் முன்னால் என்னால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

முதுகுப் பையோடு வந்தவர்களால் இந்த இரண்டு ஊர்களிலும் சரித்திரமே திரும்பிய ஒரு கோடைகாலம் உண்டு. 1989.

கிழக்கு ஜெர்மனிக்காரன் மேற்கே போக முடியாது. விடுமுறைக்கு அவன் போகக்கூடிய சில நாடுகளில் செக்கோஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் சேர்ந்தவை. கூடாரமும் அடுப்புமாக பலாதோன் ஏரிக்கரைக்கு வருவார்கள். பிரிந்த குடும்பங்கள் மேற்கிலிருந்து வந்த உறவினரை அங்கேதான் பார்க்க முடியும். 1989 மே மாதம் ஹங்கேரி ஆஸ்திரிய எல்லையில் இருந்த முள்வேலியைப் பிரிக்க ஆரம்பித்தது. செய்தி பரவியது. அந்த வருஷம் விடுமுறைக்கு வந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. புடா மலைப் பக்கம் சுக்லிகெத் என்ற இடத்தில் ஒரு பாதிரியார் கோயில் தோட்டத்தைத் திறந்துவிட, அங்கே கூடாரங்கள் எழுந்தன. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் அருகே எல்லையில் நடந்த ஒரு வனபோஜனத்தின் நடுவே 600-க்கும் மேற்பட்டவர்கள் ஓடிக் கடந்தார்கள். செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி எல்லையையே திறந்துவிட்டது.

பிராக்கில் கதவு திறக்கவில்லை. அங்கே வந்தவர்கள் மேற்கு ஜெர்மன் தூதரகத்தின் வேலியேறிக் குதித்தார்கள். பிள்ளைகளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்தார்கள். லொப்கோவிச் மாளிகைத் தோட்டத்தில் சேறும் மழையுமாக நாலாயிரம் பேர் வரை. செப்டம்பர் 30 மாலை வெளியுறவு அமைச்சர் கென்ஷர் மாடி முகப்பில் வந்து நின்று, நீங்கள் போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தபோது, வாக்கியத்தை முடிக்க விடாமல் கூச்சல் எழுந்தது. அவர்கள் விட்டுப்போன டிரபான்ட் கார்கள் பிராக் தெருக்களில் அனாதையாக நின்றன. அடுத்த மாதம் பெர்லின் சுவர் விழும் நாளும் நெருங்கிவிட்டது. நவம்பர் 17 அன்று பிராக் மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். சாவிக்கொத்தைக் குலுக்கியே ஆட்சியை அனுப்பிவைத்தார்கள். மேற்கிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு இளைஞர் கூட்டம் தடையில்லாமல் இந்த இரண்டு ஊர்களுக்கும் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நாங்கள் பிராக்கிலிருந்து ஏழு மணி நேர ரயிலில் வந்து இறங்கியது புடாபெஸ்டின் கெலெதி நிலையம். அடுத்த வருஷம், 2015 ஆகஸ்ட் கடைசியில், அதே நிலையத்தை பாரிஸ் தொலைக்காட்சியில் காட்டுவதாக அக்கா மகன் போனில் சொன்னான். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த குடும்பங்கள் ரயிலில் ஏற முடியாமல் நிலைய வாசலிலும் சுரங்கப் பாதையிலும் படுத்துக் கிடந்தன. செப்டம்பர் 4 அன்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்திரியாவை நோக்கி நெடுஞ்சாலையில் நடக்க ஆரம்பித்தார்கள். அதே மாதம் செர்பிய எல்லையில் புது முள்வேலி போட்டு முடித்தது ஹங்கேரி. முள்வேலியை முதலில் பிரித்த நாடு அது. இதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் முதுகுப் பை என்பது ஒருவனுக்கு விடுமுறை, இன்னொருவனுக்கு மொத்த வீடு. ஒரே நிலையம் இரண்டையும் பார்த்திருக்கிறது.

இப்போது உள்ளூர்க்காரர்களின் பொறுமையும் குறைந்து வருகிறது. மலிவென்று வந்த கூட்டத்தால் அவர்களுக்கு வாடகை ஏறிவிட்டது, ராத்திரித் தூக்கம் போய்விட்டது. புடாபெஸ்டின் ஆறாம் வட்டாரத்தில் 2024 செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, பயணிகளுக்கு வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடுவதை 2026 தொடக்கத்திலிருந்து தடை செய்ய முடிவெடுத்தார்கள். பிராக்கிலும் அதே ஆண்டு, கூட்டமாக மதுக்கடை மதுக்கடையாக அழைத்துப்போகும் இரவுச் சுற்றுலாவுக்குத் தடை வந்தது. 1936-ல் ஏழைக்குக் கிடைத்த உரிமை இன்னொரு ஏழையின் வீட்டைப் பிடுங்கக் கூடாது அல்லவா? அவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

சரி, எந்த ஊர்?

மூன்று நாள்தான் கையில் இருக்கிறது, நல்ல கால் இருக்கிறது என்றால் பிராக். பார்க்க வேண்டியவை நெருக்கமாக இருக்கின்றன, டிராமும் மலிவு. ஆனால் கருங்கல் பாவிய தெரு, மேடு பள்ளம். தடித்த அடி உள்ள செருப்பு வேண்டும். ஒரு வாரம் இருக்கலாம், அவசரமில்லை, முழங்கால் கொஞ்சம் தகராறு செய்கிறது என்றால் புடாபெஸ்ட். பெஸ்ட் பக்கம் சமதரை, சாப்பாடு மலிவு, வெந்நீர் உண்டு. இரண்டுக்கும் போக வசதி இருந்தால் முதலில் பிராக், பிறகு புடாபெஸ்ட். களைத்த காலுக்குக் கடைசியில் குளியல் கிடைக்கும்.

பேரப்பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள். விடுதி முற்றத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் குரலைத் தாழ்த்திப் பேசட்டும். மாடியில் நம் வயதுக் கிழவி ஒருத்தி படுத்திருப்பாள். அந்த ஊரில் அவள் பார்த்ததெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை.